ம் ஒரு வார்த்தை அல்ல

நாய் உட்கார்ந்தால் வீடு போச்சு. அவ்வளவுதான் சட்டம். மற்றதெல்லாம் வக்கீல்கள் பேசிப் பொழுதுபோக்கச் சேர்த்துக்கொண்ட உட்பிரிவுகள்.

எந்த ஊர் என்று கேட்காதீர்கள். தாமிரபரணித் தண்ணீர் குடிக்கிற ஊர், அது போதும். பெயரைச் சொன்னால் நாளைக்கே என் வாசலிலும் ஒரு நாய் வந்து நிற்கும்.

முன்பெல்லாம் போலீஸ் ஒரு வீட்டுக்குள் நுழைய வேண்டுமென்றால் மாஜிஸ்திரேட் முன்னால் போய் நின்று வாரண்ட் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் ஏன் வாங்கவில்லை என்று காரணமாவது எழுதி வைக்க வேண்டும். அந்தத் தொந்தரவு தீரத்தான் வாசல் மோப்பச் சட்டம் வந்தது. சட்டசபையில் ஒரு மகாராசன் எழுந்து கேட்டாராம்: "வீட்டுக்குள்ள இருக்கறது வீட்டுக்காரன் சொத்து, ஒத்துக்கறேன். கதவு இடுக்கு வழியா தெருவுக்கு வந்துட்ட வாசனை யாரு சொத்து? தெருவுல கிடக்கறத மோந்து பாக்க நாய்க்கு எதுக்கு வாரண்ட்?" எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். கேட்கும்போது நியாயம் மாதிரித்தான் இருந்தது.

அதன்பின் மோப்பப் பட்டை வந்தது. நாயின் கழுத்தில் மாட்டிவிட்டால், அதிலிருந்து முடியளவு கம்பி ஒன்று தோலுக்கடியில் ஏறி மூளையைப் படிக்கும். நாய் என்னத்தை மோந்ததோ அதைப் பட்டை ஒரு பெண்குரலில் சொல்லும். "கஞ்சா. உறுதி." நாய் உட்கார்ந்து, பட்டையும் பேசிவிட்டால் கதவை உடைக்கலாம். உள்ளே ஒன்றும் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. வாசனை இருக்கிறதென்றால் சரக்கு இருந்திருக்கிறது. சரக்கு இருந்திருந்தால் நீ விற்றிருக்கிறாய். உள்ளே போ, பிணை கிடையாது. வாசலைப் பினாயில் ஊற்றிக் கழுவினால் அது சான்றை அழிக்கும் குற்றம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிற பெண்கள்கூட, நாங்கள் எதையும் மறைக்கவில்லை சாமி என்று ஜன்னலையெல்லாம் விரியத் திறந்து வைத்துத்தான் போட்டார்கள். புகை எல்லாம் தெருவுக்குப் போனது, கொசு வீட்டிலேயே இருந்தது.

மக்களுக்குப் பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்பீர்கள். அதற்கும் விதி இருந்தது. வாசலில் நிற்கும்போது நாயைப் பிடித்திருப்பவர் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது. காட்டினால் அவருக்கே சிறை. பட்டையில் ஒலிப்பதிவு இருக்கக் கூடாது. ஏனென்றால் வீட்டுக்குள் புருஷன் பெண்டாட்டி பேசுவது பதிவாகிவிட்டால் அந்தரங்கம் என்ன ஆவது! கதவை உடைத்து அரிசிப் பானையைக் கவிழ்க்கிறவர்களுக்கு அந்தரங்கத்தின் மேல் அத்தனை மரியாதை.

தலைமைக் காவலர் கொம்பையா அந்த விதியை ஒருநாளும் மீறியதில்லை. அவருக்கு அதொன்றும் கஷ்டமும் இல்லை. பிறவியிலேயே வாய் குறைவு. யார் என்ன சொன்னாலும் 'ம்' கொட்டுவார், அதோடு சரி. பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்குக்கூட வாயைத் திறக்காமல் 'ம்' என்றுதான் சொன்னார் என்று அவர் மனைவி செல்வக்கனி இன்றைக்கும் குத்திக்காட்டுவாள். அவருடைய நாய் கஸ்தூரி, தேன் நிற லேப்ரடார். குட்டியிலிருந்து பழக்கியவர் அவர்தான். ஜில்லாவிலேயே அதிக வீடுகளில் உட்கார்ந்த நாய் என்று அதற்கு மாலை போட்டுப் படம்கூட எடுத்திருக்கிறார்கள்.

சுடலைமுத்துவின் வீட்டுக்குப் போனது ஒரு காலை நேரம். சுடலைமுத்து மினிலாரி ஓட்டுகிறவன். அதற்கு முந்தைய வாரம் பஜாரில் இன்ஸ்பெக்டர் ஞானராஜின் ஜீப் வழியை மறித்துக்கொண்டு நிற்க, இவன் ஹாரன் அடித்து, "வே, வண்டிய ஓரமா எடும்" என்று சத்தம் போட்டிருக்கிறான். உள்ளே யார் இருக்கிறார் என்று பார்க்காமல் போட்ட சத்தம். டீக்கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பிடித்தது சனி.

கஸ்தூரி வாசல்படியை மோந்தது. கதவிடுக்கில் மூக்கை வைத்து இழுத்தது. பிறகு ஒரு தும்மல் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டைப் பார்க்க நகர்ந்தது. கொம்பையாவின் கையில் கயிறு தளர்ந்தது. ஜன்னலுக்குள் சுடலைமுத்துவின் மனைவி முப்பிடாதி, கை நிறைய உளுந்தமாவோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன ஏட்டு," என்றார் ஞானராஜ், கொட்டாவி விடுகிற மாதிரி. "இந்த வீடுதானே?"

"ம்," என்றார் கொம்பையா.

கஸ்தூரி திரும்பி வந்து, வாசல்படிக்கு நேராக உட்கார்ந்தது. "கஞ்சா. உறுதி," என்றது பட்டை.

கதவு போனது. அரிசிப் பானை போனது. வடைக்கு அரைத்து வைத்த மாவைக் குச்சிவிட்டுக் கிண்டிப் பார்த்தார்கள். ஒரு இணுக்குக் கஞ்சா கிடையாது. சுடலைமுத்து பீடிகூடக் குடிக்காதவன். அது தெருவுக்கே தெரியும். அதற்கென்ன, வாசனை இருக்கிறதே! சட்டையைக்கூட மாட்டவிடாமல் ஏற்றிக்கொண்டு போனார்கள். முப்பிடாதி மண்ணை வாரித் தூற்றியதில் பாதி கொம்பையாவின் தொப்பியில் விழுந்தது.

அதிலிருந்து ஊரே அவருக்குப் பகையாகிவிட்டது. முன்பும் யாரும் கொஞ்சியதில்லை. ஆனால் இப்போது பால்காரி போலீஸ் குவார்ட்டர்ஸ் பக்கமே வருவதை நிறுத்தினாள். முடிதிருத்தும் கடையில் அவர் நுழைந்ததும் கத்தரி காணாமல் போய்விட்டது. தெருவில் நடந்தால் முதுகுக்குப் பின்னால் யாராவது ஒருவன் பெண்குரலில் "உறுதி" என்பான். திரும்பினால் எல்லோரும் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். முப்பிடாதியின் வடைக்கடை குவார்ட்டர்ஸுக்கு எதிர்ப்புறம். அவர் கடந்து போகிற நேரம் பார்த்து, பாத்திரம் கழுவின எண்ணெய்த் தண்ணீரை அவர் கால் பக்கத்தில் வீசுவாள்.

"கடைக்குள்ள இருக்க வரைக்கும்தான் என் தண்ணி ஏட்டையா," என்பாள் சத்தமாக. "ரோட்டுக்கு வந்துட்டா ரோட்டுச் சொத்துல்லா? சட்டம் படிச்சவரு, ஒமக்குத் தெரியாதா?"

டீக்கடை மொத்தமும் சிரிக்கும். அவர் காலை உதறிவிட்டுப் போய்விடுவார். நாய் சொன்னதற்கு நான் என்ன செய்ய என்றுதான் அவர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். வழக்கு விசாரணைக்கு வந்துகொண்டிருந்தது. தீர்ப்பானால் சுடலைமுத்துவுக்கு ஏழு வருஷம்.

விசாரணைக்குக் கொஞ்ச நாள் முன்னால், நாய்க் கொட்டகையில் கூரை மாற்றுகிறார்கள் என்று கஸ்தூரியைக் கொம்பையாவின் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கொட்டகையில் என்றால் பட்டையைக் கழற்றிவிடுவார்கள். இப்போது அதைத் திறக்கும் சாவி இன்ஸ்பெக்டரிடம், அவரோ மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஆகவே நாய் பட்டையோடு வீட்டுக்கு வந்தது.

மத்தியானச் சாப்பாடு. செல்வக்கனி கருவாட்டுக் குழம்பைச் சட்டியோடு கொண்டுவந்து வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"எனக்கு இந்த ஊருல இருக்க முடியாதுங்க. டெய்லரு ஜாக்கெட்டத் தைக்காம திருப்பிக் குடுத்துட்டான். கோயில்ல திருநீறு குடுக்கவுககூட என்னய விட்டுட்டு அடுத்தவளுக்குக் குடுக்காவ. நான் சொல்லுதது காதுல விழுதா?"

"ம்," என்றார் கொம்பையா, சோற்றைப் பிசைந்தபடி.

அடுப்படி மூலையில் படுத்திருந்த கஸ்தூரி எழுந்து வந்து குழம்புச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தது. "கஞ்சா. உறுதி."

செல்வக்கனிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "அட பாவி மட்ட! சீலாக் கருவாடுட்டீ அது! வாங்க, என்னயப் புடிச்சுக்கிட்டுப் போங்க, ஒரேயடியா நிம்மதி." சிரித்து முடித்துவிட்டு விட்ட இடத்தில் பிடித்தாள். "விளையாட்டில்லங்க. மாத்தல் கேட்டு எழுதிப் போடுவியளா மாட்டியளா?"

"ம்."

நாய் எழுந்து, அவர் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. "கஞ்சா. உறுதி."

கொம்பையாவின் கை அப்படியே நின்றது. எழுந்து கையைக் கழுவினார். நாயைக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் முருகன் படத்துக்கு முன்னால் நிறுத்தி, "ம்," என்றார். கஸ்தூரி உட்கார்ந்தது. முருகனிடம் கஞ்சா உறுதியாயிற்று. மிக்சியிடம் உறுதி. கொடியில் காய்ந்த வேட்டியிடம் உறுதி. ஒவ்வொரு முறையும் நாய் உட்கார்ந்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு அவர் சட்டைப் பையைப் பார்த்தது. அங்கேதான் அவர் பிஸ்கட் வைப்பார்.

செல்வக்கனியின் சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டிருந்தது. "ஏங்க," என்றாள் மெதுவாக. "சுடலமுத்து வீட்டு வாசல்லயும் நீங்க இப்படித்தான் சொன்னியளா?"

அவருக்குத் தொண்டை வரை 'ம்' வந்தது. நாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அதை அப்படியே விழுங்கினார்.

பட்டை செய்கிற கம்பெனியில் அபர்ணா என்று ஒரு பெண் பொறியாளர். கஸ்தூரிக்குப் பட்டை மாட்டியபோது சென்னையிலிருந்து வந்து உடனிருந்தவள். அவளுக்குப் போன் போட்டார். வாழ்க்கையில் அவர் போனில் அத்தனை நேரம் பேசியது அன்றுதான்.

"ஏம்மா, அந்தப் பட்டைக்குக் கஞ்சா எதுன்னு எப்படித் தெரியும்?"

"அதுவா சார்? நாய் மூளைக்குள்ள என்ன ஓடுதுன்னு நேரடியா யாராலயும் படிக்க முடியாது. பயிற்சில கஞ்சா பாக்கெட்ட ஒளிச்சு வெப்பாங்க இல்ல? கஸ்தூரி சரியா கண்டுபிடிச்சு உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் மூளையில என்ன ஓடுச்சுன்னு பட்டை கத்துக்கிச்சு. அதுக்கு 'கஞ்சா'ன்னு பேர் வெச்சோம். திரும்ப அதே மாதிரி ஓடுனா, கஞ்சான்னு சொல்லும்."

"அந்த நேரத்துல அது பிஸ்கட்ட நெனச்சுக்கிட்டு இருந்திருந்தா?"

"புரியல சார்," என்றாள் அபர்ணா.

"நாய் பாக்கெட் பக்கத்துல வந்ததும் நான் ம் கொட்டுவேன்ம்மா. கொட்டுனதும் அது உக்காரும், பிஸ்கட் குடுப்பேன். நான் யோசிச்சுச் செஞ்சதில்ல, பழக்கம்."

"பாக்கெட் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதே சார்?"

"தெரியாம என்ன? நான்தான ஒளிச்சு வெச்சேன். ஆளு கம்மின்னு என்னயவே வெக்கச் சொன்னாவ."

"அப்போ பட்டை கத்துக்கிட்டது கஞ்சாவை இல்ல சார். பிஸ்கட் வரப்போகுதுங்கற சந்தோஷத்தை. அதைத்தான் கஞ்சான்னு சொல்லிட்டு இருக்கு." கொஞ்சம் தயங்கினாள். "உங்க நாய் மட்டும் இல்ல சார். ஒவ்வொரு ஏட்டுக்கும் ஒரு 'ம்' இருக்கும். ஒருத்தர் செருமுவார், ஒருத்தர் கால மாத்தி நிப்பார். தயவுசெஞ்சு நான் சொன்னதா எங்கயும் சொல்லிடாதீங்க. எனக்கு வேலை போயிடும்." தொடர்பு அறுந்தது. மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் கல்யாணத்திலிருந்து திரும்பியதும் கொம்பையா போய்ச் சொன்னார். ஞானராஜ் அல்வாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் கதவைச் சாத்தினார்.

"யார்ட்டயும் சொன்னியா?"

"இல்லய்யா."

"சொல்லிப் பாரு. வாசல்ல வாயத் தெறந்தவனுக்கு ஜெயிலுன்னு சட்டத்துல எழுதியிருக்கு. நீ உக்கார வெச்ச வீடெல்லாம் எண்ணிப் பாத்தியா? அம்புட்டுப் பேரும் வெளிய வருவான், நீ உள்ள போவ. உள்ள போனா உனக்குச் சோறு போடுறவன் யாரு? நீ அனுப்புனவன்தான வே அங்க சமையக்கட்டுல நிக்கான்!" அல்வாவை வாயில் போட்டுக்கொண்டார். "கூண்டுல ஏறுனா ஆமா, இல்ல. இந்த ரெண்டத் தவிர உன் வாயில வேற வரப்படாது. நான் எதிர்லதான் உக்காந்திருப்பேன். வெளங்குதா?"

கொம்பையா தலையை மட்டும் ஆட்டினார். சைகை காட்ட இங்கே தடை இல்லை.

அவருக்குப் பயம். அதில் மறைக்க ஒன்றுமில்லை. பயத்தோடு பயமாகச் சுடலைமுத்துவின் வக்கீல் ஜெபசீலியின் வீட்டுக்கும் போய் நின்றார். அந்த அம்மாளுக்குப் போலீஸ் என்றாலே ஆகாது. அவளுடைய தம்பி வீட்டிலும் கஸ்தூரி உட்கார்ந்திருக்கிறது. கதவைப் பாதிதான் திறந்தாள்.

"அந்தப் பக்கத்துச் சாட்சி இந்த வாசல்ல வந்து நிக்கீரு. சாட்சியக் கலைச்சேன்னு எம்மேல கேஸ் போட ஞானராஜ் அனுப்பிச்சானா?"

"அதில்லம்மா, நான் ஒரு விசயம்..."

"எதா இருந்தாலும் கூண்டுல ஏறிச் சொல்லும். நாயக் கொண்டாரலயா? கொண்டாந்திருந்தா என் வாசல்லயும் உக்கார வெச்சுட்டுப் போயிருக்கலாமே." கதவை அவர் மூக்குக்கு நேரே அறைந்து சாத்தினாள்.

விசாரணை நாளன்று கோர்ட்டில் நிற்க இடமில்லை. பட்டை ஒரு சான்றுப் பொருள் என்பதால் அது கோர்ட்டுக்கு வர வேண்டும். விசாரணைக்கென்று நாயின் கழுத்திலேயே அதற்குச் சீல் வைத்துவிட்டார்கள், கழற்றினால் சீல் உடையும் என்பதால் நாயும் வர வேண்டும். சாட்சிக் கூண்டுக்குள் கொம்பையாவும், அவர் காலடியில் கஸ்தூரியும். எதிர்க் கூண்டில் சுடலைமுத்து, ஆளே பாதியாகியிருந்தான். முப்பிடாதி கடைசி வரிசையில் இருந்து கொம்பையாவைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள். முன்வரிசையில் ஞானராஜ் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஆமா, இல்லை சொல்லி முடிந்தது. ஜெபசீலி எழுந்தாள்.

"சம்பவத்தன்னைக்கு வாசல்ல நின்னு ஒரு வார்த்தையாவது பேசினீங்களா?"

"வார்த்தை பேசல."

"கையக் கிய்ய ஆட்டினீங்களா?"

"இல்ல."

"ஆக, வாயையே தெறக்கல."

"வாயத் தெறக்கல," என்றார் கொம்பையா. அத்தனையும் சத்தியம். "ஆனா வாயத் தெறக்காமயும் மனுசன்..."

"அப்ஜெக்‌ஷன்!" அரசு வக்கீல் பாய்ந்தார். "கேட்ட கேள்விக்கு மட்டும்தான் சாட்சி பதில் சொல்லணும்."

"கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க ஏட்டு," என்றார் நீதிபதி.

இன்னும் ஒரே ஒரு கேள்வி கேள் தாயே என்று ஜெபசீலியைப் பார்த்தார் கொம்பையா. அவளோ அவர் தன்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்துவிட்டாள். முகம் சிவந்தது.

"ஒரு குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்திட்டுக் கல்லு மாதிரி நிக்கீங்களே, மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? கடைசியாக் கேக்கேன். இந்த நாய நீங்க முழுசா நம்புதீங்களா?"

ஞானராஜ் உதட்டை மட்டும் அசைத்து "ஆமா" என்று காட்டினார். சுடலைமுத்து கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். அவனுக்கு அந்தப் பதிலில் எந்த நம்பிக்கையும் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"பதில் சொல்லுங்கய்யா, சாப்பாட்டு நேரம் ஆகுது," என்றார் நீதிபதி.

கொம்பையா கூண்டை விட்டு இறங்கி, நீதிபதியின் மேசைக்கு நேராக வந்து நின்றார். கயிற்றைத் தளர விட்டார்.

"ம்," என்றார்.

கஸ்தூரி மேடைக்கு முன்னால் போய், நீதிபதியை அண்ணாந்து பார்த்து, அழகாக உட்கார்ந்தது. அமைதியான கோர்ட்டில் பட்டையின் குரல் மணி மாதிரிக் கேட்டது. "கஞ்சா. உறுதி."

ஒரு விநாடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெஞ்ச் கிளார்க் பதறிப்போய், "ஏட்டு, கோர்ட்ல ம் கொட்டப்படாது! வாயத் தெறந்து ஆமா, இல்லன்னு சொல்லும்!" என்று அதட்டினார்.

கொம்பையா அரசு வக்கீலின் பக்கம் திரும்பினார். "ம்." நாய் அந்த மனிதரின் கால்மாட்டில் உட்கார்ந்தது. கஞ்சா, உறுதி. அவர் அங்கியைத் தூக்கிக்கொண்டு நாற்காலியில் ஏறப் பார்த்தார். கொம்பையா முன்வரிசைக்கு வந்தார். ஞானராஜின் பூட்ஸுக்கு எதிரே நின்று, "ம்," என்றார். உறுதி.

"ஏய் ஏட்டு!" ஞானராஜ் துள்ளி எழுந்தார். "வாய மூடு வே!"

"வாய் மூடித்தான்யா இருக்கு," என்றார் கொம்பையா. "அன்னைக்கும் மூடித்தான் இருந்துச்சு."

ஜெபசீலிக்கு இப்போது பிடிபட்டது. அவள் நீதிபதியின் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, விதியில வார்த்தை பேசக்கூடாதுன்னுதான் இருக்கு. ம் வார்த்தை இல்ல, மெய்யெழுத்து. இந்தக் கேஸ்ல இருக்கற ஒரே மெய் அதுதான்." பிறகு அவளுடைய பழைய கோபம் திரும்ப வந்தது. "இன்னொண்ணும் சொல்லணும். நாய் உக்காந்தாச்சு, பட்டையும் பேசியாச்சு. வாசல் மோப்பச் சட்டப்படி இப்ப ஐயாவோட மேசையையும் அறையையும் சோதனை போடணும். வாரண்ட் தேவையில்ல. ஒண்ணும் கிடைக்கலன்னாலும் வாசனையே சாட்சி. பிணையும் கிடையாது."

நீதிபதி நாயைப் பார்த்தார். நாய் அவரைப் பார்த்து வாலை ஆட்டியது. நீண்ட காலமாக இந்த மாதிரி வழக்குகளில் கையெழுத்துப் போட்டு வந்தவர் அவர். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோர்ட்டைக் கலைத்துவிட்டு உள்ளே போனார். சாப்பிடப் போனதாகத் தெரியவில்லை.

சுடலைமுத்து விடுதலையானான். பலகாரம் கொடுத்துக் கொண்டாட ஆசைப்படுகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கஸ்தூரி உட்கார்ந்த மற்ற வீடுகளுக்கு என்ன ஆயிற்று என்றால், அவரவர் தனித்தனியே மனுப் போட்டுக்கொள்ளட்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. ஜெபசீலி தன் தம்பிக்காக இன்னும் அலைந்துகொண்டிருக்கிறாள். கொம்பையாவைச் சஸ்பெண்ட் செய்து, விதியை மீறி ஒலி எழுப்பியதாக அவர் மேல் வழக்கு. ஞானராஜ் வேறு ஸ்டேஷனுக்குப் போனார், பதவி உயர்வோடு. சட்டத்தையும் திருத்தினார்கள். எடுத்துவிட்டார்கள் என்றா நினைத்தீர்கள்? இப்போது வாசலுக்கு வரும்போது நாயைப் பிடித்திருக்கிற ஏட்டின் வாய்க்கும் தொண்டைக்கும் சேர்த்து ஒரு கவசம் மாட்டுகிறார்கள். நாய்க்கு வாய்ப்பூட்டு இல்லை, ஏட்டுக்கு உண்டு. கால் மாற்றி நிற்கிறவரை என்ன செய்வார்கள் என்று கேட்டால், குழு போட்டிருக்கிறோம் என்கிறார்கள்.

கஸ்தூரியைப் பழுதான கருவி என்று எழுதிப் பட்டையைக் கழற்றிக் கழித்துவிட்டார்கள். கொம்பையா அதை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்கிற அன்று சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டு, நாயைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து வடைக்கடைக்குப் போனார். சுடலைமுத்து லாரிக்குப் போயிருந்தான். முப்பிடாதி எண்ணெயில் வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அவள் தண்ணீர் வீசுவாள் என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கோர்ட்ல நீரு செஞ்சத நான் பாத்தேன் ஏட்டையா. ஒமக்குக் கும்பிடு போடணும்னு எம் புருசன் சொல்லுதாரு. அதுக்கு முன்ன எனக்கு ஒண்ணு தெரியணும்." அவள் குரலில் கும்பிடு எதுவும் இல்லை. "அன்னைக்கு நான் ஜன்னல்ல நின்னேன். இந்த நாயி எங்க வாசல மோந்துட்டுத் தும்மிக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போச்சு. எங்க வீட்ல ஒண்ணும் இல்லன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு. கயிறு ஒம்ம கையிலதான இருந்துச்சு? அது போறது ஒமக்குத் தெரியலயா? தெரிஞ்சும், அந்த ஆளு கேட்டாம்னுதான் ம் கொட்டினீரா?"

பட்டையைப் பற்றி, பிஸ்கட்டைப் பற்றி, பழக்கத்தைப் பற்றி எல்லாம் சொல்லத்தான் கொம்பையா வந்திருந்தார். அதெல்லாம் நாய் ஏன் உட்கார்ந்தது என்பதற்கான பதில். இவள் கேட்பது அதை அல்ல. எண்ணெயில் வடை கருகத் தொடங்கியது. கஸ்தூரி அண்ணாந்து அவர் வாயைப் பார்த்தது. அவருக்குள்ளிருந்து என்ன வரப்போகிறது என்பது அதற்குப் பழக்கம்.

"தெரிஞ்சுச்சு," என்றார் கொம்பையா, வாயைத் திறந்து. "தெரிஞ்சுதான் கொட்டினேன்."

நாய் உட்காரவில்லை.